ஒரு சொல், பல பொருள்: “கிளியர்” என்றால் எதிலிருந்து கிளியர்?

“உங்கட காணி கிளியராம்.”

இடம்பெயர்ந்து வாழும் ஒரு குடும்பத்தின் படலையடியில் நின்று ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு அந்த வீட்டில் ஒருவருக்கும் நித்திரை வராது. “பற்றை வெட்டியாகிவிட்டது, மழைக்கு முன்னர் உழலாம்” என்று அப்பு நினைக்கிறார். “மிதிவெடி எடுத்து முடிந்துவிட்டது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்” என்று அம்மா நினைக்கிறார். “ஆமி எழும்பிவிட்டது” என்று மகன் நினைக்கிறான். “உறுதியில் சிக்கல் இல்லை, வங்கியில் வைத்துக் கடன் எடுக்கலாம்” என்று மருமகன் நினைக்கிறார்.

நால்வரும் கேட்டது ஒரே சொல்லைத்தான். நால்வரும் விளங்கிக்கொண்டதில் ஒன்றேனும் பிழையான பொருள் அல்ல. “கிளியர்” என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இவை எல்லாமே பொருந்தும். ஆனால் அந்தக் காணியைப் பொறுத்தவரை இவற்றுள் ஒன்று மட்டுமே உண்மையாக இருக்கலாம். மற்றைய மூன்றையும் உண்மையென்று நம்பி நடந்தால், ஒன்றில் காசு போகும், ஒன்றில் காணி போகும், ஒன்றில் கால் போகும்.

இந்தச் சொல் இன்று எம் பேச்சில் நன்றாக ஊறிவிட்டது. ஆங்கிலம் படியாதவர்களும் “கணக்குக் கிளியர்”, “ரோட்டுக் கிளியர்”, “கேஸ் கிளியர்” என்று சொல்கிறோம். அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்திலும், வீதியோரத்துப் பலகையிலும், வங்கிப் படிவத்திலும் அதுவே இருக்கிறது. எனவே அதன் பல பொருள்களையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவைப்பது நல்லது.

சொல்லின் வேர்

இலத்தீன் மொழியில் “கிளாறுஸ்” என்றொரு சொல் உண்டு. ஒளியுள்ளது, துலக்கமானது என்பது அதன் பொருள். அது பழைய பிரெஞ்சு மொழிக்கூடாக ஆங்கிலத்துக்கு வந்து “கிளியர்” ஆயிற்று. வந்தபின் அது இரண்டு கிளையாகப் பிரிந்து வளர்ந்தது.

முதற் கிளை, பார்வையைப் பற்றியது. தெளிந்த நீர், முகில் இல்லாத வானம், விளங்கக்கூடிய பேச்சு ஆகியன இந்தக் கிளையைச் சேர்ந்தவை. இதற்கு நாம் “தெளிவு” என்கிறோம்.

இரண்டாவது கிளை, தடையைப் பற்றியது. ஓரிடத்தில் இருக்கக்கூடாத ஒன்று இப்போது இல்லை என்பது இதன் பொருள். மரம் விழுந்து கிடந்த வீதியில் மரம் இல்லை, கணக்கில் கடன் இல்லை, ஆளின் மேல் குற்றச்சாட்டு இல்லை. இதற்குத் தமிழில் ஒரே சொல் கிடையாது. காட்டுக்கு வெளியாக்குதல், கடனுக்குத் தீர்த்தல், வழக்குக்கு விடுவித்தல், வெடிக்கு அகற்றுதல் என்று இடத்துக்கேற்ற சொல்லை நாம் வைத்திருக்கிறோம்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. “வெடி அகற்றிய காணி” என்று தமிழில் சொன்னால் எது அகற்றப்பட்டது என்பது சொல்லிலேயே இருக்கிறது. “கிளியரான காணி” என்றால் அது இல்லை. எதிலிருந்து கிளியர் என்பதைக் கேட்பவர் தாமாகவே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏங்கியிருப்பவர் தாம் ஏங்கிய பொருளையே அதில் நிரப்புவார்.

காடு வெளியாக்குதல்

விவசாயிக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருள் இதுதான். காட்டை வெட்டி, எரித்து, வேர் பிடுங்கி, நிலத்தை வெளியாக்குதல். வன்னியிலும் கிழக்கிலும் எத்தனையோ ஊர்கள் இவ்வாறுதான் உண்டாயின.

இந்த வேலைக்குச் சட்டத்திலும் பெறுமதி உண்டு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியதென்று கருதப்படும் என்று சொல்லியது. அதாவது, “இது எங்களுடையது” என்று காட்டவேண்டிய பொறுப்பு விவசாயியின் தோளில் ஏற்றப்பட்டது. பின்னர் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிகள் பெர்மிற் மூலம் வழங்கப்பட்டன. காணியை வெளியாக்கிப் பயன்படுத்துவதை ஒட்டியே அந்தப் பெர்மிற் முறை அமைந்தது.

பத்து, இருபது ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த காணி மறுபடியும் காடாகிவிடும். பாலையும் வீரையும் வளர்ந்த நிலத்தில் நெல் விளைந்தது என்று வெளியாள் நம்பமாட்டார். மீள்குடியேற்றத்தின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களில் இவ்வாறு பற்றையேறிய பழைய வயல்களுக்குள் வன இலாகாவின் எல்லைக்கற்கள் நடப்பட்டிருந்ததை மக்கள் கண்டார்கள்.

ஆகவே பற்றை வெட்டுவதற்கு முன்னர் பழைய அடையாளங்களைப் பதிந்துவையுங்கள். பாழடைந்த கிணறு, வீட்டு அத்திவாரம், வரம்பு, வாய்க்கால், நட்ட தென்னை, பனை வரிசை, வேலியோரத்துக் கிளுவை ஆகிய எல்லாமே சாட்சிகள்தான். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது இன்று எளிது. அவசரப்பட்டு இயந்திரத்தை விட்டு எல்லாவற்றையும் ஒரே வழியாக வழித்துவிட்டால், பற்றையோடு சாட்சியும் போய்விடும். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்காமல் பெருமரங்களை வெட்டுவதும் வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும்.

ஆட்களை அகற்றியதற்கும் இதே சொல்

காட்டை வெளியாக்குவதற்குச் சொன்ன சொல்லை, ஊரை வெறுமையாக்குவதற்கும் ஆங்கிலேயர் பயன்படுத்தினார்கள். ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவை இன்றும் “கிளியரன்சஸ்” என்றே அழைக்கப்படுகின்றன.

அங்கே நிலம் பிரபுக்களின் பெயரில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து பயிர் செய்தவர்களிடம் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஆட்டு மயிரின் விலை ஏறியதும், குடியானவர்களின் சிறு குத்தகையைவிட ஆட்டுப் பட்டிகளால் கூடுதல் வருமானம் கிடைக்கும் என்று பிரபுக்கள் கண்டார்கள். சதர்லாந்துப் பகுதியின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814 இலும் 1819 இலும் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. திரும்பி வந்து குடியேறாதபடி வீடுகளின் கூரை மரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. 1814 இல் இந்த வேலையை முன்னின்று நடத்திய பற்றிக் செலர் என்பவர் 1816 இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கடற்கரையோரத்தில் சிறு துண்டுக் காணிகள் கொடுக்கப்பட்டன. உழவர்கள் மீன்பிடிக்கப் பழகவேண்டியிருந்தது. பலர் கப்பலேறிக் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போனார்கள்.

நிலப்பிரபுக்கள் இதனை “அபிவிருத்தி” என்றே குறிப்பிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நீண்டகாலப் போராட்டத்தின் பின்னர் 1886 இல் வந்த சட்டம், எஞ்சியிருந்த சிறு குடியானவர்களை எழுந்தபாட்டுக்கு எழுப்பமுடியாது என்ற உறுதிப்பாட்டைக் கொடுத்தது. நியாயமான குத்தகைக்கும் வழிசெய்தது. ஆனால் ஏற்கெனவே வெறுமையாக்கப்பட்ட பள்ளத்தாக்குகளை அது திருப்பிக் கொடுக்கவில்லை.

எமக்கும் இது அந்நியமான கதை அல்ல. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆளில்லாத நிலம் வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும். அதை வெறும் நிலமென்று எழுதிவிடுவது ஒரு பேனைக்குப் பெரிய வேலை அல்ல.

போர்க்காலத்துக் “கிளியர்”

1990 களிலிருந்து 2009 வரை செய்திகளில் “கிளியர் செய்யப்பட்ட பகுதி”, “கிளியர் செய்யப்படாத பகுதி” என்று நாட்டையே இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள். முதலாவது, படையினரின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி. இரண்டாவது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி. அங்கே “கிளியர்” என்பது யாருடைய கட்டுப்பாடு என்பதை மட்டுமே குறித்தது. நிலத்தில் வெடி இல்லை என்பதோ, வீட்டுக்குத் திரும்பலாம் என்பதோ அதன் பொருளாக இருக்கவில்லை. பத்திரிகையில் “கிளியர்” என்று வந்த ஊரிலேயே வீதியோரம் முழுவதும் மிதிவெடி இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தக் காலத்தின் இன்னொரு சொல் “கிளியரன்ஸ்”. ஓர் ஆளைப்பற்றி விசாரித்து, தடையில்லை என்று கொடுக்கும் அனுமதி அது. இன்றும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கிறார். துறைமுகத்திலிருந்து பொருள் எடுப்பவர் சுங்கக் கிளியரன்ஸ் எடுக்கிறார். இவை எல்லாம் குறித்த ஒரு தேவைக்கு, குறித்த ஓர் அலுவலகம் கொடுப்பவை. ஓர் அலுவலகத்தின் கிளியரன்ஸ் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. படையினர் காணியை விட்டு விலகினார்கள் என்ற கடிதம், அந்தக் காணி யாருடையது என்பதைத் தீர்க்காது.

மிதிவெடி அகற்றிய காணி

இப்போது உயிரோடு சம்பந்தப்பட்ட பொருளுக்கு வருவோம். இங்கே “கிளியர்” என்பது வாய்ப்பேச்சு அல்ல. அதற்குச் சர்வதேச நியமம் ஒன்று உண்டு. குறித்த எல்லைக்குள், குறித்த ஆழம் வரை, எல்லா மிதிவெடிகளும் வெடிக்காத வெடிபொருட்களும் அகற்றப்பட்டோ அழிக்கப்பட்டோ விட்டன என்று உறுதிசெய்யப்பட்ட நிலமே “கிளியர்” எனப்படும்.

இந்த வரைவிலக்கணத்தில் இரண்டு சொற்களைக் கீறி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எல்லை, மற்றது ஆழம்.

எல்லை என்றால், வரைபடத்தில் கோடு போட்ட இடம். உங்கள் மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கர் மட்டும் அந்தக் கோட்டுக்குள் இருக்கலாம். பக்கத்துக் காணியும், குளக்கட்டும், மாடு மேயும் வெளியும் கோட்டுக்கு வெளியே இருக்கலாம். காணியைக் கையளிக்கும்போது எல்லை எதுவென்று நேரில் நின்று காட்டும்படி கேளுங்கள்.

ஆழம் என்றால், மேல் மண்ணில் குறித்த அளவு வரையே தேடப்பட்டது என்பதாகும். உழவுக்கும் நடமாட்டத்துக்கும் அது போதுமானதாக இருக்கலாம். கிணறு வெட்டுவதும் மலசலகூடக் குழி தோண்டுவதும் அத்திவாரம் போடுவதும் வேறு வேலைகள். விழுந்து வெடிக்காத எறிகணைகள் மிதிவெடியைவிட ஆழத்தில் புதைந்திருக்கக்கூடும். இவ்வாறான வேலை தொடங்குமுன் எந்த ஆழம் வரை பார்க்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும்.

மேலும், விடுவிக்கப்படும் காணிகள் எல்லாமே இவ்வாறு முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தேடப்பட்டவை அல்ல. மூன்று விதமாகக் காணி விடுவிக்கப்படலாம். ஊராரிடம் விசாரித்துப் பதிவுகளைப் பார்த்து, வெடி இருந்ததற்கு ஆதாரம் இல்லையென்று பட்டியலிலிருந்து நீக்கப்படுவது ஒன்று. சில பகுதிகளைத் தொழில்நுட்ப முறையில் சோதித்து, மீதியை ஆபத்தற்றதென்று தீர்மானிப்பது இரண்டாவது. முழுமையாகத் தேடி அகற்றுவது மூன்றாவது. மூன்றும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகளே. ஆனால் முதலாவது முறை ஊர்மக்களின் வாக்குமூலத்திலேயே தங்கியிருக்கிறது. எனவே அளவையாளர்கள் வந்து “இங்கே யாருக்கும் விபத்து நடந்ததா, மாடு வெடியில் அகப்பட்டதா, காவலரண் எங்கே இருந்தது” என்று கேட்கும்போது, திரும்பிப்போகும் ஆசையில் ஒன்றையும் மறைக்காதீர்கள். முன்னர் அங்கே வாழ்ந்தவர்கள் வேறு மாவட்டத்தில் இருந்தால் அவர்களையும் கேட்டுச் சொல்லுங்கள்.

இலங்கையில் இந்த வேலைக்குப் பொறுப்பாகத் தேசிய மட்டத்தில் ஒரு நிலையம் 2010 இல் அமைக்கப்பட்டது. படையினரும் உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்களும் வேலையைச் செய்தார்கள். முகமாலைப் பகுதி போன்ற இடங்களில் இது பல ஆண்டுகள் நீண்டது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி, அறியப்பட்ட மிதிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான தவணை 2028 ஜூன் 1 ஆகும். அதுவரை, ஏன் அதன் பின்னரும், ஐமிச்சமான பொருளைக் கண்டால் தொடவேண்டாம். வந்த வழியே திரும்பி, இடத்துக்கு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பொலிசாரின் அவசர இலக்கம் 119. இரும்பு பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கும், குப்பை எரிப்பவர்களுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். ஓர் இடத்தில் எடுத்து முடித்தபின்னும், வெள்ளம் மண்ணை அரித்து வேறோர் இடத்துப் பொருளைக் கொண்டுவந்து போடக்கூடும்.

நேர்மாறான ஒரு பலகை

இங்கே இன்னோர் ஆபத்தும் உண்டு. வேலியிலோ, மின்மாற்றியிலோ, படைமுகாம் வாசலிலோ “கீப் கிளியர்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். “ஸ்ராண்ட் கிளியர்” என்றும் இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை “கிளியர்” என்ற சொல்லைக் கண்டு, இங்கே ஆபத்து இல்லை என்று நினைத்துவிடும். பொருள் அதற்கு நேர்மாறானது. “கிட்ட வராதே, விலகி நில்” என்பதே அது. இடம் கிளியர் என்று அந்தப் பலகை சொல்லவில்லை. நீ அந்த இடத்திலிருந்து கிளியராக இரு என்று சொல்கிறது. வீதியில் “கீப் கிளியர்” என்று வெள்ளைப் பூச்சில் எழுதியிருந்தாலும் இதே பொருள்தான்: இங்கே வாகனத்தை நிறுத்தாதே.

“ஓல் கிளியர்” என்பது மற்றொன்று. அபாயம் நீங்கிவிட்டது என்ற அறிவிப்பு அது. ஒரு சொல் முன்னால் மாறினால் வா என்பது போ என்றாகிவிடுகிறது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த இரண்டையும் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

உறுதி “கிளியர்”

காணிக் கொடுக்கல் வாங்கலில் “உறுதி கிளியர்” என்று தரகர்கள் சொல்வது வழக்கம். சட்டத்தரணி சொல்லும் கிளியர் வேறு, தரகர் சொல்லும் கிளியர் வேறு.

சட்டத்தரணி பார்ப்பவை பல. விற்பவருக்கு அந்தக் காணி எவ்வாறு வந்தது, அதற்கு முந்தியவருக்கு எவ்வாறு வந்தது, ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா, பிரிபடாத பங்கா, தனிக் காணியா என்பவற்றைக் காணிப் பதிவகத்தின் ஏடுகளில் தேடிப் பார்ப்பார். தேசவழமைச் சட்டம் பொருந்தும் இடங்களில், கூட்டு உரித்தாளருக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறதா என்றும் பார்ப்பார். உறுதியைப் பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணக்கூடாது. உறுதிப் பதிவு முறையில், பதிவு என்பது பத்திரத்துக்கு முன்னுரிமை கொடுக்கும். விற்றவருக்கு உண்மையில் உரித்து இருந்தது என்று அது உத்தரவாதம் கொடுக்காது. உரித்தையே பதிந்து அரசு உத்தரவாதம் கொடுக்கும் முறை, 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. “பிம்சவிய” என்ற பெயரில் அறியப்படுவது அதுவே.

பெர்மிற் காணி வேறு வகை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெர்மிற் அல்லது அளிப்புப் பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கமுடியாது. சாதாரண கடதாசியில் கையெழுத்து வாங்கிக் கைமாறிய பெர்மிற் காணியை யாராவது “கிளியர்” என்று சொன்னால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களை மிகவும் வாட்டும் கேள்வி ஒன்று உண்டு. “நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் காணியில் இருந்தவர் பத்து வருடம் முடிந்தது, இனி எனக்கே என்கிறாரே?” 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டு ஆட்சியைப் பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் அந்த ஆட்சி உரிமையாளருக்கு எதிரானதாக, குழப்பமின்றி, இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். உங்கள் சம்மதத்துடன் பார்த்துக்கொள்ள இருந்தவரின் இருப்பு, அந்தச் சம்மதம் நீடிக்கும்வரை எதிரான ஆட்சி ஆகாது. அரச காணிக்கு எதிராகக் காலாவதி உரித்தும் கிடையாது. யுத்தத்தால் நீதிமன்றம் போகமுடியாதவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. அந்தச் சலுகைக்கு இரண்டு ஆண்டுத் தவணை இருந்தது. அதை அறியாமலே தவறவிட்டவர்கள் உண்டு. ஆகவே இன்று உங்கள் காணியில் வேறொருவர் இருந்தால், அவர் உங்கள் சம்மதத்துடனேயே இருக்கிறார் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் காலத்தை வீணாக்காமல் சட்ட உதவியை நாடுங்கள்.

உறுதி தொலைந்தவர்கள் மனம் தளரவேண்டாம். நொத்தாரிசு உறுதி எழுதும்போது ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பெர்மிற் தொலைந்தவர் பிரதேச செயலகத்தில் உள்ள காணிப் பேரேட்டைப் பார்க்கும்படி கேட்கலாம்.

கடனும் காசோலையும்

“கடன் கிளியர்” என்றால் கட்டி முடிந்தது என்று பொருள். ஆனால் முதலைக் கட்டி வட்டி மிச்சமிருந்தால் அது கிளியர் அல்ல. கட்டி முடித்தபின் சங்கத்திடமோ வங்கியிடமோ, மேலதிகமாக ஒன்றும் வரவேண்டியதில்லை என்று எழுதிய கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். காணியை ஈடுவைத்திருந்தால் கடிதம் மட்டும் போதாது. ஈடு மீட்கப்பட்டது என்பதும் காணிப் பதிவகத்தில் பதியப்படவேண்டும். அதைப் பதியாமல் விட்டால், இருபது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் அந்தக் காணியைச் சீதனமாகக் கொடுக்கப் போகும்போது பழைய ஈடு ஏட்டில் எழும்பி நிற்கும்.

காசோலையிலும் இந்தச் சொல் வருகிறது. நெல்லுக்கு ஒரு வியாபாரி காசோலை தருகிறார். அதை வங்கியில் போட்டுவிட்டீர்கள். போட்டது காசு அல்ல, கடதாசி. அது கொடுத்தவரின் வங்கிக்குப் போய், அங்கே பணம் இருந்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே காசோலை “கிளியர்” ஆகும். முன்னர் தூர இடங்களில் இதற்குப் பல நாட்கள் சென்றன. 2006 இல் காசோலையின் படத்தை அனுப்பும் முறை வந்தபின் பொதுவாக அடுத்த வேலைநாளிலேயே தெரிந்துவிடுகிறது. அதுவரை பொறுத்திருந்து, பணம் வந்ததை வங்கியில் உறுதிசெய்த பின்னரே மீதி மூடைகளை ஏற்றிவிடுங்கள்.

தெளிந்த தண்ணீர், சுத்தமான தண்ணீர்

எமது காதுக்குக் “கிளியர்” என்பதும் “கிளீன்” என்பதும் ஒன்றுபோலக் கேட்கின்றன. தண்ணீர் விடயத்தில் இது நோயைக் கொண்டுவரும். கிளியர் என்றால் தெளிவு, கிளீன் என்றால் சுத்தம். அடிமட்டம் தெரியும்படி தெளிந்திருக்கும் கிணற்றிலும் கிருமி இருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில், பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்று நிறமற்றது, மணமற்றது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதி.

நெடுங்காலம் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்பரவாக்கி, குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதிப்பித்துக் குடியுங்கள். கடற்கரையோரக் கிணறுகளை மட்டும் ஒரேயடியாக வற்ற இறைக்கவேண்டாம். 2004 கடல்கோளின் பின்னர் அவசரமாக இறைத்த இடங்களில் உவர் மேலும் ஏறியது.

கடிதத்தில் வரும் “கிளியர் நாட்கள்”

ஆங்கிலத்தில் வரும் சட்டக் கடிதங்களில் “ஏழு கிளியர் நாட்கள்” என்று இருக்கலாம். தொடக்க நாளையும் முடிவு நாளையும் விட்டு, இடையில் முழுமையாக ஏழு நாள் இருக்கவேண்டும் என்பதே பொருள். முதலாந் திகதி அறிவித்தல் கிடைத்தால், இரண்டாந் திகதியிலிருந்து எட்டாந் திகதி வரை ஏழு நாள். ஒன்பதாந் திகதிதான் அடுத்த நடவடிக்கை நாளாக இருக்கலாம். கடிதம் கிடைத்த நாளைக் கடித உறையிலேயே எழுதி வையுங்கள்.

நாம் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

இத்தனை பொருளையும் ஞாபகத்தில் வைத்திருக்க முடியாதவர்கள் நான்கு கேள்விகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். யாராவது “கிளியர்” என்று சொன்னால்:

எதிலிருந்து கிளியர்? பற்றையா, வெடியா, படையா, கடனா, வழக்கா?

எதுவரை கிளியர்? எந்த எல்லை, எந்த ஆழம், எந்தத் திகதி வரை?

யார் சொன்னது? அதைச் சொல்லும் பொறுப்பு அவருக்கு உண்டா?

எழுத்தில் உண்டா? இருந்தால் அதன் பிரதி எமக்குக் கிடைக்குமா?

கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். ஆங்கிலம் தெரியாதென்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் எம்மிடையே அநேகர். அலுவலகத்தில் தமிழில் விளக்கம் கேட்பது சலுகை அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. கடிதத்தைத் தமிழில் தரும்படியும் கேட்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்துக்குத் திரும்புவோம். மறுநாட் காலை அவர்கள் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு காணிக்குப் போகாமல், முதலில் கிராம அலுவலரிடம் போய் இந்த நான்கு கேள்வியையும் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் பிந்தும். இத்தனை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு ஒருநாள் பெரிதல்ல. அந்த ஒரு நாளில், எந்தக் காலடியை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் முகாமிலோ கிராமத்திலோ “கிளியர்” என்ற சொல் எந்தெந்த இடங்களில் பேசப்படுகிறது? ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான தமிழ்ச் சொல் எது?

2. உங்கள் காணியைப்பற்றி உங்களிடம் உள்ள பத்திரங்கள் எவை? தொலைந்தவை எவை? அவற்றின் பிரதியை எந்த அலுவலகத்தில் கேட்கலாம்?

3. உங்கள் ஊரின் பழைய கிணறுகள், வாய்க்கால்கள், எல்லை மரங்கள் எவை எங்கே இருந்தன என்று மூத்தவர்களைக் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு படம் வரையுங்கள்.